டிசையருக்கு மலை ஆகாதா?

சேலத்தில் கார் வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை: "அடிக்கடி ஏற்காடு போற ஆளா? அப்போ டிசையர், அமேஸ் மாதிரி சின்ன செடான் பக்கமே போகாதீங்க. க்ளட்ச் போயிடும், பிரேக் தேஞ்சிடும், அடி தட்டும். செலவு பண்ணி மாளாது. எஸ்யூவி எடுங்க." சொல்பவர் பெரும்பாலும் எஸ்யூவிக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்.

சின்ன எஞ்சின் இழுக்காது என்கிறார்கள். ஹூண்டாய் ஆராவில் இருக்கும் அதே 1,197 சிசி பெட்ரோல் எஞ்சின்தான் எக்ஸ்டரிலும் இருக்கிறது. முன்னது செடான், பின்னதை எஸ்யூவி என்று விற்கிறார்கள். அவ்வளவுதான்.

க்ளட்ச் விஷயம் வேறு. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரிலேயே அரை க்ளட்ச்சில் உந்தித் தள்ளினால் எந்த வண்டியின் பிளேட்டும் தேயும். முதல் கியருக்கு மாற்றி, க்ளட்ச்சிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டால் போதும். கோடை விழா நெரிசலில், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டிகள் சூடாவது உண்மைதான். இடது காலுக்கு வேலையில்லையே தவிர, உள்ளே இருப்பது அதே க்ளட்ச். ஹேண்ட் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தே ஏற்றத்தில் நிறுத்தி வைத்தால் கருகும். எஸ்யூவி ஏஎம்டிக்கும் இதே கதிதான்.

பிரேக்கைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். அடிவாரத்தில் வந்து நிற்கும் கார்களின் முன் சக்கரத்தருகே போனால் தீய்ந்த வாடை வரும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியவர்கள் அவர்கள். உண்மையில் இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின், கியரில் இறங்கும்போது பெட்ரோலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் குடிக்கும். இன்னொன்று, பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பெரிய செலவல்ல, ஆனால் பலர் மாற்றுவதே இல்லை. எடை கூடிய எஸ்யூவியை நிறுத்த பிரேக்குக்கு இன்னும் அதிக வேலை என்பதையும் யாரும் சொல்வதில்லை.

மலை கேட்கும் நிஜச் செலவு முன் டயரின் ஓரங்களில். வளைவுகளில் அவைதான் தேய்கின்றன. அலைன்மென்ட் பார்த்து, டயர்களை இடம் மாற்றிப் போட வேண்டும். டிசையரின் அடிப்படை மாடலுக்கு 14 அங்குல டயர், பிரெஸ்ஸாவுக்கு 16. கடையில் இரண்டின் விலையையும் கேட்டுப் பாருங்கள். டிசையரின் உதிரிப் பாகங்களுக்கும் அலைய வேண்டியதில்லை, பல பாகங்கள் ஸ்விஃப்டுக்கும் பொருந்துபவை. 2020-இல் உற்பத்தி நின்ற எடியாஸ் செடானைக்கூட டாக்ஸிக்காரர்கள் இன்னும் ஓட்டுகிறார்கள். கையைக் கடிக்கும் வண்டியை அவர்கள் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடி தட்டுவதை மட்டும் மறுக்க மாட்டேன். டிசையரின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். ஐந்து பேர் ஏறி டிக்கியும் நிறைந்தால் இன்னும் தாழும். தார்ச்சாலைக்கு அது போதும். காப்பித் தோட்டத்து மண் பாதைக்குப் போதாது. எஸ்டேட்டுக்குள் வீடு இருப்பவர் தாராளமாக எஸ்யூவி வாங்கலாம்.