இடியை மட்டும் குறை சொல்லலாமா?

மாணவர்களே, சுங்கை பாக்காப்பில் மின்சாரம் தடைபட்டால் முதலில் இடியைத்தான் குறை சொல்கிறோம். சில வேளைகளில் காரணம் மண்ணுக்கடியில் இருக்கும்.

நிலத்தடி 11,000 வோல்ட் கேபிளில் கடத்தியைச் சுற்றிப் பாலிஎத்திலீன் மின்காப்பு உறை உண்டு. ஈர மண்ணின் நீர் அதற்குள் மெல்லக் கசிந்தால், மின்புலத்தின் தாக்கத்தால் மரக்கிளை போன்ற நுண்ணிய தடங்கள் படரும். இதுவே ‘நீர் மரம்’. வளர ஆண்டுகள் ஆகும். இறுதியில் உறை துளைபடுவதோ நொடியில்!

1970களில் நீர்த்தடுப்பின்றிப் புதைத்த பாலிஎத்திலீன் கேபிள்கள் பல நாடுகளில் சீக்கிரமே பழுதாயின. ஈய உறைக்குள் எண்ணெய்த் தாள் சுற்றிய பழைய கேபிள்கள் பலவோ தாக்குப்பிடித்தன. ஆகவே, வயதை மட்டும் பார்த்துக் கேபிளை மாற்றுவது சரியன்று என்பேன். 0.1 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் கொடுத்து, உறையில் வீணாகும் ஆற்றலை அளந்தால் நீர் மரம் பரவியிருப்பது முன்கூட்டியே தெரியும். இச்சோதனைக்காக முன்னறிவிப்புடன் சில மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினால், மின்விசிறியின்றி வியர்த்தாலும் நான் வரவேற்பேன்.