ஷஹ்ராஸாத்துக்கு ஒரு வயலின்

நெடுந்தீவில் படிப்பித்த இரண்டு வருடங்களில் குறிகாட்டுவானுக்கும் தீவுக்கும் இடையே எத்தனை தடவை படகேறியிருப்பேன் என்று கணக்கில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சோளகம் வீசும் மாதங்களில் உம்மா கட்டித் தந்த இடியப்பம் வயிற்றில் நிற்பதே பெரிய காரியம். அப்படியொரு நாளில், கடலைப் பார்க்காமல் இருப்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு, ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கொலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'ஷெஹெரஸாட்' என்ற இசையை முழுவதுமாகக் கேட்டேன். மறப்பதற்காகக் கண்ணை மூடிய கடல் காதுக்குள் வந்துவிட்டது. முதற்பகுதியின் பெயரே 'கடலும் சிந்துபாத்தின் கப்பலும்' என்பது பிறகுதான் தெரிந்தது.

1888 இல் எழுதப்பட்ட இசை அது. ஆயிரத்தொரு இரவுகள் கதையை இங்கே சொல்லத் தேவையில்லை. தினமும் ஒரு பெண்ணை மணந்து விடிந்ததும் கொல்லும் சுல்தான். கதை சொல்லிச் சொல்லியே தன் உயிரையும் மற்றப் பெண்களின் உயிரையும் காப்பாற்றும் ஷஹ்ராஸாத். இசை தொடங்கும்போது சுல்தான் முதலில் வருகிறார். ட்ரொம்போன், டியூபா, அடித்தொண்டைத் தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து உறுமுகின்றன. காற்று வாத்தியங்களின் மெல்லிய சில ஒலிகள் அதற்குப் பின்னால் வந்து போகின்றன. பிறகு ஒரேயொரு வயலின். அதன் கீழே ஹார்ப் வாத்தியத்தின் சில மீட்டல்கள், அவ்வளவுதான். அத்தனை பித்தளைக்கு முன்னால் ஒற்றை வயலின் பேசத் தொடங்குகிறது. எந்த வரியை எந்த வாத்தியத்திடம் கொடுப்பது என்ற இந்தக் கலையை ஓர்கெஸ்ட்ரேஷன் என்பார்கள். வாத்திய அமைப்பு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இதை என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க ஒரு சின்ன வேலை செய்தேன். 'கதவைத் திற' என்ற இரண்டு சொற்களை ஒருத்தி பாட்டியாகவும், ஒருத்தி பொலிஸ்காரராகவும், ஒருத்தி மழையில் நனைந்து நிற்கும் சிறுபிள்ளையாகவும் சொல்ல வேண்டும். சொற்கள் மாறவில்லை, ஆனால் மூன்றும் மூன்று கதைகள். வாத்தியம் செய்வதும் இதைத்தான். இசையை எழுதி முடித்துவிட்டுப் பிறகு வாத்தியங்களால் அலங்கரிப்பது என்ற பேச்சே பிழை, வாத்திய அமைப்பு அந்த இசையின் உயிரிலேயே ஒரு பகுதி என்பதுதான் ரிம்ஸ்கி-கோர்சகோவின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

அவருடைய வாழ்க்கை நம் மாணவிகளுக்குப் பிடிக்கும். அவர் கடற்படை அதிகாரி. 1862 முதல் 1865 வரை கப்பலில் இலண்டன், நியூயோர்க், ரியோ என்று சுற்றியவர். 1871 இல் சென். பீற்றர்ஸ்பேர்க் இசைக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தபோது அவருக்கு இசைக் கோட்பாடு சரியாகத் தெரியாது. மாணவர்களுக்குத் தெரியாமல், அவர்களைவிட ஒரு பாடம் முந்திப் படித்துக்கொண்டே படிப்பித்தார். (புதிதாக நியமனம் பெற்ற எந்த ஆசிரியையும் இதை வாசித்து ஆறுதல் அடையலாம்.) 1873 இல் கடற்படை வாத்தியக் குழுக்களின் மேற்பார்வையாளர் பதவி கிடைத்தது. ஊதும் வாத்தியங்களைத் தானே எடுத்து வாசித்துப் பார்த்தார். எது எந்த உயரத்தில் மூச்சுத் திணறும், எது எந்தத் தாழ்வில் இனிக்கும் என்று கற்றார். 1905 இல் போராடிய மாணவர்களின் பக்கம் நின்றதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அதிபர் இந்த வரியைக் கண்டுகொள்ள வேண்டாம்.

அந்தப் படிப்பெல்லாம் 'ஷெஹெரஸாட்'டில் தெரிகிறது. அந்தக் காலத்தில் வாக்னர் போன்றவர்கள் வாத்தியக் குழுவைப் பெருப்பித்துக்கொண்டு போனார்கள். இவரோ வழக்கமான அளவுக் குழுவை வைத்துக்கொண்டே வித்தை காட்டினார். முதற்பகுதியில் செலோக்கள் கீழிருந்து மேலேறி மறுபடி இறங்குகின்றன, அதுதான் அலை. அந்த அலையின் மேல் வரும் கடலின் மெட்டு எது தெரியுமா? தொடக்கத்தில் சுல்தான் உறுமிய அதே மெட்டு, வேறு வாத்தியங்களில், வேறு தாளத்தில். கொடுங்கோலனும் கடலும் ஒரே குரலில் வருகிறார்கள். இரண்டாம் பகுதியில் ஊர் சுற்றும் பக்கீரின் கதையை பஸூன் தனியாகச் சொல்கிறது. அதன் கீழே டபிள் பாஸ்கள் சுருதிப்பெட்டி மாதிரி ஒரே ஒலியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நமக்கு அந்த இடம் அந்நியமாகவே தோன்றாது. கடைசிப் பகுதியில் கப்பல் பாறையில் மோதி உடையும்போது பெரிய வெண்கலத் தட்டு ஒன்று அதிர்கிறது. பிறகு எல்லாம் அடங்கி, சுல்தானின் மெட்டு செலோவிலும் டபிள் பாஸிலும் முணுமுணுப்பாக வருகிறது. அவர் அடங்கிவிட்டார். மேலே வயலின், எட்டமுடியாத உயரத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சொல் இல்லாமல் கதை முடிகிறது.

குறை சொல்லவும் இருக்கிறது. ரிம்ஸ்கி-கோர்சகோவ் பக்தாதைக் கண்டவர் அல்லர். அவர் காட்டும் பக்தாத் திருவிழா தூரத்திலிருந்து ஒருவர் கண்ட கனவு. கிழக்கு என்றால் சலங்கையும் மயக்கமும்தான் என்ற எண்ணத்தை இப்படியான இசைகளும் வளர்த்தன. இன்றும் அரபு நாடு திரையில் வந்தால் அதே மாதிரி ஒரு குழைவு ஒலிப்பதைக் கேட்கிறோம். அது எனக்குப் பிடிக்கவில்லை. சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் ஸரந்தீபுக்கு, அதாவது நம் இலங்கைக்கு, வருகிறான். நெடுந்தீவிலோ அரபு வணிகர் கொண்டுவந்தது என்று ஊரார் சொல்லும் பெருக்கமரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்தக் கடலுக்கு நாங்கள் வெளியாட்கள் அல்ல. ஆனாலும் அந்த வயலினை என்னால் விடமுடியவில்லை. உயிருக்காகப் பேசும் ஒரு பெண்ணுக்கு அழுகையைக் கொடுக்காமல் நிதானத்தைக் கொடுத்திருக்கிறார்.

அவரிடம் படித்த ஸ்ட்ராவின்ஸ்கி 1910 இல் 'நெருப்புப் பறவை'யோடு வந்தார். பின்னாளில் ரோம் நகரின் ஊற்றுகளையும் பைன் மரங்களையும் இசையாக்கிய இத்தாலியர் ரெஸ்பிகியும் அவரிடம் பாடம் கேட்டவர்தான். அவர் இறந்து ஐந்து வருடங்களின் பின், 1913 இல், வாத்திய அமைப்புப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. உதாரணங்கள் எல்லாம் அவருடைய சொந்த இசையிலிருந்து எடுத்தவை. இன்றும் அதை வைத்துப் படிக்கிறார்கள். நம் பக்கம் வந்தால், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைத் தானே ஸ்வரக்குறிப்பில் எழுதிக் கொடுப்பவர். 2025 மார்ச் 8 ஆம் திகதி இலண்டனில் ரோயல் பில்ஹார்மொனிக் குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது. நம் வீடுகளில் பாட்டுக் கேட்பவர்கள், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் புல்லாங்குழல் ஏன் வருகிறது, ஏன் வயலின் வரவில்லை என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் எழுதக் காரணம் என் ராத்தாவின் மகள். பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். பாடத் தெரிவுப் படிவம் வந்திருக்கிறது. அவளுக்கு மேற்கத்திய இசை எடுக்க ஆசை. மச்சான் கேட்டார்: "இதப் படிச்சி என்ன செய்யப் போறா?" இசை பற்றி நம் வீடுகளில் ஒரே கருத்து இல்லை என்பது எனக்குத் தெரியும், மச்சானின் தயக்கத்தில் அதுவும் உண்டு, அதை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் அது அல்ல. 'எந்தப் பாடத்தில் இலகுவாக ஏ எடுக்கலாம்' என்பதுதான் காரணம். அந்தக் கேள்வியோடு எனக்குச் சண்டை இருக்கிறது. இதே வயதில் நானும் அதே ஆசையோடு ஒரு படிவத்தை நீட்டினேன். என் அன்றைய பாடசாலையில், பெறுபேற்று வீதம் குறையும் என்று சொல்லி வேறு பாடத்தில் என் பெயரை எழுதிவிட்டார்கள். அந்தப் பாடத்தில் ஏ எடுத்தேன். முப்பத்தொரு வயதில், படகில் தற்செயலாகத்தான் இந்த வயலினைக் கண்டுபிடித்தேன்.

மச்சானுக்குப் போன வாரம் ஒரு செவிப்பன்னியைக் கொடுத்து முதல் பத்து நிமிடத்தைக் கேட்கச் சொன்னேன். கேட்டார். "அந்தத் தனி வயலின் யாரு?" என்றார். மகள்தான் பதில் சொன்னாள். கதையை முழுதாகச் சொல்லிமுடிக்க இஷாவுக்கு பாங்கு சொல்லிவிட்டது. படிவம் இன்னும் அவருடைய மேசையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும்.