குளத்துச் சுங்கான்

கோடையில் குளம் வற்றி, மற்ற மீன்கள் செத்த பின்பும் சேற்றுக்குள் சுங்கான் உயிரோடு நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படிப் பிழைக்கிறது?

சுங்கானுக்குச் செவுளோடு, அங்கிருந்து வால் பக்கமாக நீளும் இரண்டு காற்றுப் பைகளும் உண்டு. நீரில் ஒட்சிசன் குறைந்தால் மேலே வந்து வாயால் காற்றை எடுத்து அவற்றில் நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் கலங்கிய குட்டையிலும் வாய்க்காலிலும் வாழ்கிறது.

இதற்குச் செதில் இல்லை. வாயைச் சுற்றி எட்டு மீசைகள் உண்டு. பகலில் ஒதுங்கிக் கிடந்து, இரவில் மீசையால் தடவிப் புழு பூச்சிகளைத் தேடித் தின்னும். மாரி மழையில் நீர் பெருகும்போது முட்டையிடும்.

சகோதரிகளே, சேற்றில் கைவிட்டு மீன் பிடிக்கும்போது கவனம் தேவை. சுங்கானின் இரு பக்கச் செட்டைகளிலும் நஞ்சுள்ள முள் உண்டு. குத்தினால் கடுமையாக வலிக்கும். அத்தாங்கு அல்லது கரப்பால் பிடிப்பதே நல்லது. பிள்ளைகளைக் கையால் பிடிக்க விடாதீர்கள்.

முள் குத்தினால் காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சுடுநீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். சூடு நஞ்சின் வேகத்தைக் குறைக்கும். தோல் வெந்துவிடாதபடி, குத்துப்படாத கையால் முதலில் நீரின் சூட்டைப் பாருங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டவோ, காயத்தைக் கீறவோ வேண்டாம். முள் உள்ளே முறிந்திருந்தாலும், வீக்கம் கூடினாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்பு ஊசி தேவையா என்றும் அங்கே கேளுங்கள்.

சமைக்கும்போது முதலில் முட்களை வெட்டி அகற்றுங்கள். பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தால் வழுவழுப்புப் போய்விடும்.