அமெரிக்கா நிறுத்துது, கனடா சேர்க்குது... நம்ம ஊர் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு?

குழாய் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கலாமா, கூடாதா? 2025-ல் அமெரிக்காவின் உள்ளாட்சி மன்றங்கள் முதல் மாகாண சட்டமன்றங்கள் வரை அனல் பறந்த கேள்வி இது. 'ஃபுளோரைடு விஷம்' என்று ஒரு தரப்பு, 'அது இல்லாவிட்டால் பிள்ளைகளின் பல் போச்சு' என்று இன்னொரு தரப்பு.

ஆனால் விழுப்புரம் மாவட்டம் வல்லம் ஒன்றியத்திலோ, செஞ்சி, திண்டிவனம் பக்கமோ இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. அது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

அங்கே என்னதான் சண்டை?

1945 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் உள்ள கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம், பொதுக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்த முதல் நகரமானது. காரணம் பல் சொத்தை. குறைந்த அளவு ஃபுளோரைடு, பல்லின் மேல் பூச்சான எனாமலை உறுதியாக்கும். பல் டாக்டரிடம் போக வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் குழாயைத் திறந்தாலே பாதுகாப்பு கிடைக்கும் என்பதுதான் யோசனை. சிங்கப்பூர், மலேசியா குழாய் தண்ணீரிலும் பல ஆண்டுகளாக ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது.

80 ஆண்டுகள் கழித்து காற்று திசை மாறியது. 2025 மார்ச்சில் யூட்டா மாகாணம், குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தடை போட்டது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாகாணம் இதுதான். மே மாதம் ஃபுளோரிடாவும் தடைச் சட்டம் கொண்டு வந்தது.

அதே ஃபுளோரிடாவில் மியாமி-டேட் கவுண்டி என்ற உள்ளாட்சியில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். ஏப்ரலில் 'நிறுத்துவோம்' என்று மன்றம் வாக்களித்தது. மேயர் அதை ரத்து செய்தார். மே மாதம் மன்றம் மறுபடி வாக்களித்து, மேயரின் ரத்தையே ரத்து செய்தது!

கனடாவின் கால்கரி நகரில் கதை தலைகீழ். 2011-ல் நகர மன்றம் நிறுத்தியது. பிறகு அங்குள்ள குழந்தைகளுக்குப் பல் சொத்தை அதிகமாகிறது என்று ஆய்வுகள் சொல்ல, 2021-ல் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர் 'மறுபடி சேருங்க' என்றார்கள். 2025 ஜூன் இறுதியில் கால்கரி தண்ணீரில் ஃபுளோரைடு திரும்ப வந்தது.

யார் சொல்வது சரி?

ரெண்டு பக்கமும் விஷயம் இருக்கு. எல்லாமே அளவைப் பொறுத்தது.

அமெரிக்கா 2015 முதல் பரிந்துரைப்பது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். அந்நாட்டு அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்றது. 0.7 அளவிலும் பாதிப்பு உண்டா என்று சொல்லப் போதுமான தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. ஃபார்வர்டு மெசேஜ்களில் முதல் பாதி மட்டும் வரும், ரெண்டாவது பாதி காணாமல் போய்விடும்.

மறுபக்கம், 2024-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தண்ணீரில் சேர்ப்பதால் வரும் பலன் முன்பைவிட இப்போது குறைவு என்றது. ஃபுளோரைடு டூத் பேஸ்ட் வீட்டுக்கு வீடு வந்துவிட்டதே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

1.5 மில்லிகிராம் என்றால் எவ்வளவு?

வீட்டு மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முழு டேங்க்கில் ஒன்றரை கிராம் ஃபுளோரைடு இருந்தால், அதுதான் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லைக்கோடு இது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1.0 வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லாவிட்டால் மட்டும் 1.5 வரை அனுமதி.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கு. குளிர்நாட்டில் ஒருவர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கலாம். சித்திரை வெயிலில் களை எடுக்கும் பெண்ணோ, கட்டட வேலை செய்பவரோ நாலைந்து லிட்டர் குடிப்பார்கள். தண்ணீரில் அளவு ஒன்றாக இருந்தாலும் உடம்புக்குள் போவது மூன்று மடங்கு. நாடுகள் தங்கள் தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் அளவையும் பார்த்தே எல்லையை முடிவு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்வது இதனால்தான்.

நம்ம ஊரில் ஃபுளோரைடைச் சேர்த்தது யார்?

எந்த மன்றமும் இல்லை, எந்த வாக்கெடுப்பும் இல்லை. சேர்த்தது பாறை!

கருங்கல் பாறைகளில் உள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு இயற்கையாகவே இருக்கிறது. அந்தப் பாறை இடுக்குகளில் தண்ணீர் நீண்ட காலம் தேங்கி நிற்கும்போது அது மெல்லக் கரைந்து நீரில் கலக்கிறது. தண்ணீரில் கால்சியம் குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். மழை குறைந்து, போர் ஆழமாகப் போகப் போக, பாறையோடு பல காலம் கிடந்த தண்ணீர் மேலே வர வாய்ப்பு அதிகம்.

இது புதுப் பிரச்னையும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் பகுதி கிராமங்களில் ஃபுளோரைடு பாதிப்பு 1937-லேயே மருத்துவ ஆய்வில் பதிவானது.

அளவு கூடினால் முதலில் தெரிவது பல்லில். வெள்ளைத் திட்டு, பிறகு மஞ்சள், பழுப்புக் கறை. தேய்த்தால் போகாது. பல் உருவாகும் சின்ன வயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் அது. அதிக அளவில் ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் படிந்து, முதுகு விறைத்து, குனிய நிமிர முடியாத நிலை வரை கொண்டு போகும். இதற்குப் பெயர் ஃபுளோரோசிஸ். வந்த பிறகு முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுப்பதுதான் வழி. மத்திய அரசு 2008-09-ல் இதற்காகவே தேசியத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

ரூ.1,928 கோடி சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்னையின் முகவரி தருமபுரி, கிருஷ்ணகிரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு' என்பதும் உண்டு. நிலத்தடி நீருக்குப் பதில் காவிரி ஆற்று நீரைக் கொடுப்பதுதான் திட்டம்.

2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். உடனே கர்நாடகாவில் எதிர்ப்பு, இங்கே திரையுலகம் உண்ணாவிரதம் என்று பரபரப்பு. கர்நாடகத் தேர்தல் முடியும் வரை திட்டம் தள்ளி வைக்கப்பட்டது. கடைசியில் ஜப்பான் நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியோடு, ரூ.1,928.80 கோடி செலவில் முடிந்து, 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார்.

அன்றைக்கு டிவியில் ஓடியது ரெண்டு மாநில தண்ணீர்த் தகராறு. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பல்லும் எலும்பும்தான் விஷயம் என்பது பலருக்குத் தெரியவே இல்லை.

அப்போ நாமும் ஃபுளோரைடு சேர்க்கணுமா?

இந்தியாவில் பொதுக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் திட்டம் இல்லை. அது இங்கே பொருந்தவும் பொருந்தாது. ஒரே ஊராட்சியில் கிழக்குத் தெரு போரில் ஒரு அளவு, மேற்குத் தெரு போரில் வேறு அளவு இருக்கலாம். அதே ஆள் காலையில் வீட்டுக் குழாய், மதியம் வயல் மோட்டார், சாயங்காலம் கேன் தண்ணீர் என்று மாறி மாறிக் குடிக்கிறார். இதில் சரியான அளவை யார் முடிவு செய்வது? ஃபுளோரைடு குறைவான ஊரில் பல்லைக் காக்க, விழுங்காமல் துப்பும் டூத் பேஸ்ட்டே எளிய வழி.

வல்லம் பகுதியில் என்ன செய்யலாம்?

வல்லம் தண்ணீரில் பிரச்னை இருக்கிறது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஆனால் செஞ்சி மலையைப் பார்த்தாலே தெரியும், இது கருங்கல் பூமி. பல கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர். நிறம், மணம், ருசி எதிலும் ஃபுளோரைடு தெரியாது. சோதித்தால்தான் தெரியும்.

சோதிக்க வழியும் இருக்கு. ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும். அவர்கள் பயன்படுத்தும் பெட்டியில் ஃபுளோரைடு சோதனையும் உண்டு. துல்லியமான முடிவுக்கு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. ஒவ்வொரு நீர் ஆதாரத்துக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வகத்தில் வேதியியல் பரிசோதனை நடக்க வேண்டும்.

அளவு கூடுதலாக வந்தால் பதற வேண்டாம். எல்லா ஊருக்கும் ஒகேனக்கல் மாதிரி திட்டம் தேவையில்லை. பக்கத்தில் அளவு குறைந்த கிணறு இருந்தால் குடிக்க, சமைக்க மட்டும் அதற்கு மாறினாலே பாதி வேலை முடிந்தது. மழைநீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஆர்.ஓ. கருவி அளவைக் குறைக்கும், ஆனால் பராமரிப்பு இல்லாவிட்டால் அது வெறும் டப்பா.

ஒரு எச்சரிக்கை: காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி, மீதியில் அளவு கொஞ்சம் கூடவே செய்யும்.

கிராம சபையில் கேட்க 3 கேள்விகள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை நடக்கிறது. அதில் மார்ச் 22, உலக தண்ணீர் தினம். அன்றைக்கு ஊராட்சித் தலைவரிடமோ செயலரிடமோ இதைக் கேளுங்கள்:

1. நம்ம தொட்டிக்குத் தண்ணீர் வரும் ஒவ்வொரு போரும் கடைசியாக எந்தத் தேதியில் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது?

2. ஃபுளோரைடு அளவு எவ்வளவு வந்தது? அதைத் தொட்டியிலேயே பெயிண்டில் எழுதி வைக்க முடியுமா?

3. பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் குழந்தைகள் குடிப்பது எந்த போர் தண்ணீர்?

மியாமியிலும் கால்கரியிலும் மக்கள் மாறி மாறி வாக்களிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், தங்கள் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். முதலில் அந்த எண் நம்ம கைக்கு வரட்டும். விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.