வயலைப் பாடிய ஆசிரியர்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வீதியில் உள்ளது பெரியநீலாவணை. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். அவ்வூரிற் பிறந்த கே. சின்னத்துரை என்ற பாடசாலை ஆசிரியர், ஊரின் பெயரையே தமது பெயராக்கி நீலாவணன் ஆனார். 1931 மே 31 இல் பிறந்தவர், 1975 ஜனவரி 11 இல், 43 வயதிலேயே மறைந்தார். மஹாகவி, முருகையன் ஆகியோருடன் ஈழத்துக் கவிதையின் மூவருள் ஒருவராக அவரை எண்ணுவது வழக்கம். ஆயினும் அவரது கவிதை நூல்கள் அவர் மறைந்த பின்னரே வெளிவந்தன: 1976 இல் 'வழி', 1982 இல் 'வேளாண்மை'.

வேளாண்மை என்றால் உபகாரம் என்று குறள் உரைகளிற் படித்திருக்கிறோம். மட்டக்களப்பாருக்கோ வேளாண்மை என்பது வயலில் நிற்கும் நெற்பயிரேதான். அப்பயிரையும் அதை நம்பி வாழும் குடும்பங்களையும் நீலாவணன் காவியமாகப் பாடத் தொடங்கினார். அது முற்றுப்பெறவில்லை. பாடிய அளவிலேயே ஒரு நிலத்தின் சொற்கள் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டன. தோட்டக் காணியில் புகையிலைக்கும் வெங்காயத்திற்கும் கிணற்றுநீர் இறைத்து வளர்ந்த யாழ்ப்பாணத்தவர் பலருக்கு அக்கிழக்குத் தமிழ் புதியதாகவே இருக்கும். அங்கே வயற்பரப்பு வட்டை. கதிர் வெளிவருமுன் தாளுக்குள் பொதிந்திருக்கும் பருவம் குடலை. அரிந்து கிடத்திய கதிர் உப்பட்டி. குவித்து வைத்தது சூடு. களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பர். இயற்கையை நேசித்தவர் என்று ஒருவரைப் புகழ்வது எளிது. நீலாவணனின் நேசம் பயிரின் ஒவ்வொரு பருவத்தையும் பெயர் சொல்லி அழைத்தது. அவர் மறைந்த தை மாதம், மாரிப்போக வயல்கள் குடலை தள்ளிக் கதிர் ஈனும் காலமாகும்.

அவரது ஆசிரியப் பணி வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. கல்முனையில் எழுத்தாளர் சங்கம் கண்டார். 'பாடும்மீன்' என்ற இதழை நடத்தினார். அவரைச் சூழ்ந்து வளர்ந்த இளையோரில் எம். ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன் போன்ற முஸ்லிம் எழுத்தாளரும் இருந்தனர். ஒரே வட்டையில் அடுத்தடுத்து வயல் செய்த இரு சமூகங்கள் 1990 இல் எவ்வாறு பிளவுண்டன என்பதை எம் வாசகர்க்கு நாம் கூற வேண்டியதில்லை. அவ்வாண்டில் அம்பாறை மாவட்டத் தமிழ்க் கிராமங்கள் பலவற்றிலிருந்து மக்கள் பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26 இல் கடலும் வந்து பெரியநீலாவணையை அழித்துச் சென்றது.

சிட்னியிலும் மெல்பேணிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குச் செல்லும் எம் சிறார் நெல் என்ற சொல்லை எழுதக் கற்றிருக்கிறார்கள். நெல்லைக் கண்டவர் சிலரே. ஆனால் இந்நாட்டிலும் நெல் விளைகிறது. நியூ சவுத் வேல்ஸின் லீற்றன், கிரிபித் பகுதிகளில் 1920களிலிருந்தே அது பெரும் பயிர். ஒக்ரோபரில் விதைத்து, மார்ச், ஏப்ரலில் அறுக்கிறார்கள். ஏறத்தாழ எமது மாரிப்போகக் கணக்கே. நீரில் ஊறவைத்து முளைகட்டிய விதையை இங்கும் வீசுவதுண்டு. கையால் அன்று, விமானத்திலிருந்து. உப்பட்டியும் சூடும் அங்கில்லை. இயந்திரம் அறுத்த இடத்திலேயே அடித்தும் விடுகிறது. தை மாதப் பாடசாலை விடுமுறையில் அவ்வழியாகச் செல்லும் குடும்பங்கள் சற்று வாகனத்தை நிறுத்தி வரம்பருகே பிள்ளைகளை இறக்கிவிடலாம். குடலை என்பதை அகராதியைக் காட்டி விளக்குவதிலும் பயிரைக் காட்டி விளக்குவது எளிது. வேலிக்குள் இறங்குமுன் உரிமையாளரின் அனுமதி பெறுக.

அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் வயல் செய்த முதியோர் எம் வாசகரிடையே உள்ளனர். களத்தில் வழங்கிய சொற்களைப் பொருளுடன் எழுதி அனுப்பினால், ஊர்ப்பெயருடன் இப்பகுதியில் வெளியிடுவோம். எழுத இயலாதவர்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதி அனுப்பினாலும் போதும்.