ரூபாய் விழுந்தால் யார் விழுகிறார்கள்?

ஆகஸ்ட் 15 நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். 1947இல் ஒரு ரூபாய் ஒரு டாலருக்குச் சமமாக இருந்ததாம். இன்று நம் மானம் போய்விட்டதாம். இது பச்சைப் பொய். அன்று ரூபாய் டாலரோடு அல்ல, பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. ஒரு பவுண்டு ஏறத்தாழ 4 டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு டாலர் சுமார் 3.30 ரூபாய்.

கணக்குப் பிழையைத் திருத்துவது எளிது. அந்தச் செய்தியில் வரும் 'நம்' என்ற சொல்லைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். ரூபாய் ஏறினால் எல்லோரும் ஏறுகிறோமா? இறங்கினால் எல்லோரும் இறங்குகிறோமா?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டவர் அம்பேத்கர். 1923இல் லண்டனில் வெளியான 'ரூபாயின் சிக்கல்' அவருடைய ஆய்வு நூல். 'ரிசர்வ் வங்கிக்கு அடித்தளமிட்டவர் அண்ணல்' என்று நாமும் பதாகை அடிக்கிறோம். ஆனால் அந்த நூலில் அவர் என்ன வாதிட்டார் என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை.

வெள்ளியால் ஆன ரூபாய் 1873க்கு முன் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்றது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்ததும் ரூபாயும் சரிந்தது. 1893இல் அரசு வெள்ளியை வாங்கி நாணயமடித்துக் கொடுப்பதை நிறுத்தியது. பின்னர் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. முதல் உலகப் போரில் அது குலைந்தது. 1920இல் 2 ஷில்லிங்குக்கு உயர்த்திப் பார்த்துத் தோற்றார்கள். 1925இல் ஹில்டன் யங் ஆணையம் விசாரணைக்கு உட்கார்ந்தபோது நாடே இரண்டு எண்களைச் சுற்றி நின்றது: 1 ஷில்லிங் 6 பென்ஸா, 4 பென்ஸா?

6 பென்ஸ் வேண்டும் என்றது பிரிட்டிஷ் அரசு. லண்டனுக்குக் கட்ட வேண்டிய தொகை ரூபாய்க் கணக்கில் குறையும். இங்கே இறக்குமதியாகும் பிரிட்டிஷ் சரக்கும் மலிவாகும். 4 பென்ஸ் வேண்டும் என்றார்கள் பம்பாய் ஆலை முதலாளிகளும் ஏற்றுமதி வணிகர்களும். அதற்குத் தேசநலன் என்று பெயரும் சூட்டினார்கள்.

அதே ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார் அம்பேத்கர். ரூபாயின் மதிப்பு இறங்கினால் வணிகருக்குக் கிடைக்கும் லாபம் வெளிநாட்டிலிருந்து வருவதல்ல என்பது அவருடைய வாதம். உள்நாட்டில் விலைவாசி ஏறுகிறது. கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. அந்த இடைவெளிதான் லாபம். அதாவது, ஒரு வர்க்கத்தின் மடியிலிருந்து இன்னொரு வர்க்கத்தின் பெட்டிக்குப் பணம் போகிறது. ஆகவே ரூபாய்க்கு எத்தனை பென்ஸ் என்பதைவிட, அந்த ரூபாய் இங்கே என்ன வாங்கும், அந்த வாங்கும் திறன் நிலைத்து நிற்குமா என்பதே அவருக்கு முதன்மை.

அந்த 1925ஆம் ஆண்டில்தான் பம்பாய் ஆலை முதலாளிகள் கூலியை 11.5 விழுக்காடு வெட்ட முயன்று, மாபெரும் வேலைநிறுத்தத்தைச் சந்தித்தார்கள். அந்த ஆலைகளின் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், தீட்டு ஒட்டிவிடுமாம். நல்ல கூலி கிடைத்த வேலை அது. மலிவு ரூபாயால் ஏற்றுமதி பெருகினாலும் அந்தத் தொழிலாளிக்கு அதில் என்ன பங்கு?

1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய் முன் வைத்த 11 கோரிக்கைகளில் 1 ஷில்லிங் 4 பென்ஸும் ஒன்று. உப்பு வரி ஒழிப்பும் அதில் இருந்தது. அது ஏழைக்கானது, மறுக்கவில்லை. நிலவரியைப் பாதியாகக் குறைப்பதும் இருந்தது. அது நிலம் வைத்திருப்பவருக்கு. நிலமே இல்லாத சேரியின் கூலி பற்றி அந்த 11இல் ஒரு வரிகூட இல்லை. இரு தரப்பும் பென்ஸுக்காகச் சண்டையிட்டன; மூன்றாவது ஆள் கணக்கிலேயே வரவில்லை.

இன்றும் அதே கதைதான். டாலர் ஏறினால் ஒரு கூட்டம் தேச அவமானம் என்கிறது; இன்னொரு கூட்டம் ஏற்றுமதிக்கு நல்லது என்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு ரூபாய்க் கணக்கில் கூடுதலாக வருவது உண்மை. தையல் மிஷினில் குனிந்திருக்கும் பெண்ணின் பீஸ் ரேட் டாலரோடு ஏறியதா? அவர் வாங்கும் பாமாயிலும் ஊருக்குப் போகும் பேருந்தின் டீசலும் மட்டும் டாலரோடு ஏறுகின்றன.

அரசு ஊழியருக்கு விலைவாசிக்கேற்பப் பஞ்சப்படி உண்டு. அது நியாயம்தான். களையெடுப்பவருக்கும் கல்லுடைப்பவருக்கும் சாக்கடை அள்ளுபவருக்கும் அது ஏன் தாளைவிட்டு இறங்கிக் கைக்கு வருவதில்லை? இந்த வேலைகளில் யார் குவிந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பதிலும் தெரியும். கூலி தாமதிப்பது பொருளாதார விதி மட்டுமல்ல. உயர்த்திக் கேட்டால் ஊரே பகைக்கும் என்ற சாதியின் அச்சுறுத்தலும் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆகவே தோழர்களே, அந்தச் செய்தி அடுத்த முறை உங்கள் குழுவுக்கு வந்தால், டாலர் 3.30 ரூபாய் என்று திருத்துவதோடு நிற்காதீர்கள். 1947இல் பண்ணையாளின் கூலி என்னவாக இருந்தது என்று கேளுங்கள். இன்றைய கூலி எத்தனை கிலோ அரிசி வாங்கும் என்றும் கேளுங்கள். அண்ணல் நமக்குக் கற்றுக்கொடுத்த நாணய மாற்றுக் கணக்கு அதுதான்.