சொட்டு ஆயில்தானே, சவத்த விடு!

தூத்துக்குடியில் ஒரு பழைய கார் ராத்திரி எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறியும் வேலையெல்லாம் வேண்டாம். தரையைப் பார்த்தால் போதும். டபிள்யூ.ஜி.சி ரோட்டு ஓரம், பீச் ரோட்டில் பனிமய மாதா கோவில் பக்கம், பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, ஸ்பிக் நகர் வீட்டு வாசல்கள்... எங்கே பார்த்தாலும் கறுப்பு வட்டம். சில வீடுகளில் அதன் மேல் ஒரு கை மணல். இன்னும் கொஞ்சம் நாகரிகமான வீடுகளில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்திருப்பார்கள். டைல்ஸ் கறைபடக் கூடாதாம்!

கேட்டால் வரும் பதில் ஊருக்கே பொது.

"அண்ணாச்சி, வண்டியில ஆயில் கசியுதே?"

"பழைய வண்டின்னா கசியத்தாம்டே செய்யும். சவத்த விடு."

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் சண்டை. வாசல் டைல்ஸுக்குக் கிடைக்கிற மரியாதை பானெட்டுக்குள் இருக்கிற வயருக்கும், வண்டிக்குள் உட்காருகிற குழந்தைக்கும் ஏன் கிடைப்பதில்லை?

விவரம் தெரிந்தவர்கள் உடனே ஒரு வாதத்தோடு வருவார்கள். எஞ்சின் ஆயில் பெட்ரோல் மாதிரி இல்லை, தீக்குச்சி கிழித்துப் போட்டால்கூட சட்டென்று பற்றாது. வாஸ்தவம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். எஞ்சின் ஆயில் அப்படி ஆவி விட 200 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். தீப்பொறியே இல்லாமல் தானாகப் பற்ற ஏறக்குறைய 350 டிகிரி வேண்டும், திறந்த காற்றில் சூடான இரும்பின் மேல் விழுந்தால் அதற்கும் கூடுதலாகவே வேண்டும். பாதி படித்தவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

மீதிப் பாதி என்ன? அந்தச் சூடு வண்டிக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (பட்டறையில் மேனிபோல் என்றால்தான் புரியும்) சாதாரண ஓட்டத்திலேயே முந்நூறு நானூறு டிகிரியைத் தொடும், நாலுவழிச் சாலையில் அழுத்தி ஓட்டினால் ஐந்நூறையும் தாண்டும். டாப்பிட் கவர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கீழே பக்கவாட்டில்தான் அநேக எஞ்சின்களில் இந்த மேனிஃபோல்டு. டாப்பிட் கவர் பேக்கிங் கட்டியாகி வெடித்தால் ஆயில் நேராக அதன் மேல்தான் வழியும். முதலில் புகையும், கருகல் வாடை வரும். மதுரையிலிருந்து வரும்போது ஓட்டத்தில் காற்று அடிப்பதால் ஒன்றும் ஆகாது. டோல்கேட்டில் வண்டி நிற்கும்போதோ, வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்த பிறகோ காற்றோட்டம் நின்று, பானெட்டுக்குள் அதுவரை இருந்ததைவிடச் சூடு கூடும். "நிறுத்தி வச்சிருந்த வண்டி எப்படிய்யா எரியும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

கற்பனை என்று சொல்பவர்கள் அமெரிக்கக் கதையைக் கேட்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் 3.8 லிட்டர் வி6 எஞ்சின் போட்ட கார்கள்: போன்டியாக் கிராண்ட் பிரி, பியூக் ரீகல், ஷெவர்லே இம்பாலா என்று ஒரு பட்டாளம். இவற்றில் வால்வ் கவர் கேஸ்கெட் வழியாக ஆயில் கசிந்து மேனிஃபோல்டில் சொட்டித் தீப்பிடித்தது. 2008-இல் ஒரு ரீகால். 2009-இல் சுமார் 15 லட்சம் கார்களுக்கு இன்னொன்று. அப்போது என்ன செய்தார்கள்? கசிவை நிறுத்தவில்லை. தீ பரவ வசதியாக இருந்த, ஸ்பார்க் பிளக் வயரைத் தாங்கும் பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் கவனித்து அனுப்பினார்கள். விளைவு? சரிசெய்து அனுப்பிய வண்டிகளிலேயே 1,345 எரிந்தன. 2015 அக்டோபரில் 14 லட்சம் கார்களை மறுபடி கூப்பிட்டார்கள். வேலை முடியும்வரை வண்டியை வீட்டு கராஜுக்குள் நிறுத்தாதீர்கள், வெளியே நிறுத்துங்கள் என்று கம்பெனியே சொன்னது. அப்போது அந்த வண்டிகளுக்கு வயசு 11 முதல் 18. நம் ஊர்க் கணக்கில் "இன்னும் நல்லா ஓடுதே" என்று சொல்லும் வயசு.

அங்கே சொட்டியதும் இதே சொட்டுதான். அங்கே அதற்கு ரீகால், இங்கே அதற்கு ஒரு கை மணல்.

அம்பாசிடர் பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அந்த வண்டியின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிரிட்டிஷ் பி.எம்.சி-யின் வடிவமைப்பு. அதில் கிராங்க் பின்பக்கம் இன்றைய மாதிரி ரப்பர் ஆயில் சீல் கிடையாது. ஷாஃப்டில் திருகு மாதிரி வெட்டிய பள்ளம், சுற்றும்போது ஆயிலை உள்ளே தள்ளிவிடும், அவ்வளவுதான். எஞ்சின் நின்றால் நாலு சொட்டு விழும். அது அந்த வண்டியின் பிறவிக் குணம். ஆனால் அந்தப் பின்பக்கச் சொட்டைக் காட்டியே மேலே டாப்பிட் கவரில் வழிவதையும், பெட்ரோல் பைப் ஈரமாக இருப்பதையும் மன்னித்துவிடுவதுதான் மோசடி. அதே எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேல் ஒன்று. கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் பெட்ரோல் எங்கே விழும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழே விழும் சொட்டு பாக்கெட்டைக் கடிக்கும், மேலே வழியும் சொட்டு ஆளைக் கடிக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் "ஆயில்தானே" என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள்.

ஆயில் செய்கிற இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. சாதா ரப்பர் ஹோஸ் ஆயிலில் ஊறினால் உப்பி, மெத்தென்று ஆகிவிடும். வயர் மேல் இருக்கும் உறை நாளாக நாளாக விறைத்து வெடிக்கும். அதன் மேல் புழுதி ஒட்டி, திரி போட்ட விளக்கு மாதிரி ஒரு படலம் எஞ்சின் முழுக்க. பிறகு எங்கோ ஒரு வயர் பாடியில் உரசிப் பொறி தட்டினால், பேப்பரில் "மின்கசிவு காரணமாக" என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். அந்த மின்கசிவுக்கு முன்னால் ஆறு மாசம் நடந்த எண்ணெய்க் கசிவை யாரும் எழுதுவதில்லை.

இதில் தூத்துக்குடிக்குத் தனிச் சாபம் உண்டு. உப்பு. உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கிற ஊர். சம்பின் அடித்தகடு, பெட்ரோல் டேங்கிலிருந்து முன்னால் ஓடும் இரும்புக் குழாய், பேட்டரி எர்த் போல்ட் என்று எல்லாவற்றையும் உப்புக்காற்று அரிக்கிறது. எர்த் இணைப்பு துருப்பிடித்தால் அங்கே மின்தடை கூடும், கூடினால் சூடாகும். முள்ளக்காடு பக்கம் வருஷக்கணக்கில் ஓடிய வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்குகிறவர் தைரியசாலிதான்.

அதோடு 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டம் முழுக்க எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. சீட்டைக் காயப்போட்டு, ஆயிலை மாற்றி, ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு போனவர்கள் ஏராளம். வயர் கப்ளருக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் போகாது. பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்து, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துத்தான் வேலையைக் காட்டும். அந்த வண்டிகளில் சில இப்போது "சிங்கிள் ஓனர், மழையே பார்க்காத வண்டி" என்று விலைக்கு வரும் :-)

"புது வண்டி மட்டும் எரியலையா?" என்பது அடுத்த கேள்வி. எரிந்திருக்கிறது. 2010-இல் டாடா நானோ ஷோரூமிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் எரிந்தது. அந்த வருஷ நவம்பரில் கம்பெனி எக்ஸாஸ்டுக்கும் மின்சாரப் பகுதிக்கும் இலவசமாகக் கூடுதல் பாதுகாப்பு செய்து கொடுத்தது (ரீகால் என்ற வார்த்தையை மட்டும் வாயில் வராமல் பார்த்துக்கொண்டது). 2023 பிப்ரவரியில் கண்ணூரில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு கார் எரிந்து, பிரசவத்துக்குப் போன கர்ப்பிணியும் கணவரும் இறந்தார்கள். முன்பக்கக் கதவு திறக்கவில்லை, பின்சீட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள். அதுவும் பழைய வண்டி இல்லை. ஆனால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வர முடியும்? பேக்கிங் எல்லாம் புதிதாக இருக்கும் வண்டியே சில நிமிஷத்தில் இப்படி ஆகிறதென்றால், இருபது வருஷப் பேக்கிங்கை வைத்துக்கொண்டு மெத்தனமாக இருக்க அது எப்படி நியாயமாகும்?

இனி பணம். அண்ணாச்சிமார் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். டாப்பிட் கவர் பேக்கிங் மாற்றுவது சில நூறு ரூபாய் சமாச்சாரம். "அனபாண்ட் தடவி ஒட்டிரலாம்" என்று பழைய பேக்கிங் மேலேயே பசை பூசுவது அதைவிட மலிவு, கொஞ்ச நாளில் மறுபடி கசியும். கிராங்க் பின் சீல் என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அது செலவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள்: மாசம் அரை லிட்டர் டாப்-அப் என்றால் வருஷத்துக்கு 6 லிட்டர். ஒரு மாருதி 800-க்கு இரண்டு முறை முழு ஆயில் மாற்றுகிற அளவு. அதுவும் பழுதைச் சரிசெய்யாமல், சொட்டுச் சொட்டாகத் தரைக்கு வார்ப்பதற்கு.

காமர்ஸ் பாடத்தில் கார் என்றால் வருமான வரிக் கணக்குக்கு 15 சதவீதத் தேய்மானம், குறைந்துகொண்டே போகும் மதிப்பு முறையில். ஐந்து லட்ச ரூபாய் கார் பதினைந்து வருஷத்தில் ஏட்டில் சுமார் 43,700 ரூபாய் ஆகும். இன்சூரன்ஸ்காரர்களோ ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு எடுத்த எடுப்பில் 50 சதவீதம் தேய்மானம் கழிக்கிறார்கள். முதலில் சாவது ரப்பர்தான் என்று அவர்களுக்குத் தெரியும்! பழைய வண்டிக்காரர்களில் நிறையப் பேரிடம் இருப்பது சட்டத்துக்காக எடுத்த தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும். வண்டி எரிந்தால் அதிலிருந்து சொந்த வண்டிக்கு ஒரு பைசா வராது. பேக்கிங்குக்குச் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தியவர் மொத்த வண்டியையும் தன் தலையில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அரசாங்கத்தையும் விட முடியாது. தனியார் காருக்குப் பதிவு பண்ணும்போது 15 வருஷம் கொடுக்கிறார்கள். அதன் பிறகு புதுப்பிக்கப் போனால்தான் சோதனை, அதுவும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. நடுவில் புகைச் சான்றிதழ் உண்டு, அது சைலன்சர் வாயைத்தான் பார்க்கும், பானெட்டைத் திறக்காது. கட்டணம் மட்டும் ஜோராக ஏறுகிறது: புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000. ஆர்.டி.ஓ ஆபீசுக்கு முந்தின நாள் பட்டறையில் என்ன நடக்கும் என்பதும் ஊரறிந்தது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தெளித்து பிரஷ் போட்டு எஞ்சினைப் பளபளவென்று துடைப்பார்கள். கசிவின் தடயம் போச்சு. சூடான எஞ்சினில் பெட்ரோல் தெளிக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் அந்த வண்டியின் வாழ்க்கையிலேயே ஆபத்தான நேரம் என்பது தனிக்கதை.

முத்துக்குளித்த காலத்தில் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை யாரிடம் கொடுப்பது என்று ஊர் யோசிக்கும். மச்சானிடம்தான் கொடுக்க வேண்டும், அக்காவோ தங்கச்சியோ தாலி அறுக்கக் கூடாது என்று அவன்தான் கண் அசராமல் பிடிப்பான் என்பார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துபோனது. கயிற்றைத் தடவிப் பார்த்து, நைந்திருக்கிறதா என்று சோதித்து இறங்கிய ஊர்க்காரர்களின் பேரன்கள்தான் இன்று வயரையும் ஹோஸையும் ஒரு தடவை தடவிப் பார்க்கச் சோம்புகிறார்கள்.

தடவிப் பார்ப்பது அப்படி ஒன்றும் வித்தையும் இல்லை. ராத்திரி வண்டிக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்தால் காலையில் பாதி உண்மை தெரியும். கறுப்பு அல்லது பழுப்பு எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பச்சையோ சிவப்போ தண்ணி மாதிரி இருந்தால் பெரும்பாலும் கூலன்ட். தாளில் கறையே இல்லாமல் வாடை மட்டும் வந்தால் அதுதான் ஆகப் பெரிய ஆபத்து, பெட்ரோல். அன்றைக்கு வண்டியை எடுக்கவே கூடாது. ஓடும்போது பானெட் வழியாகப் புகை வந்தால் ஓரங்கட்டி, சாவியை அணைத்து, எல்லாரும் இறங்கித் தூரப் போக வேண்டும். என்னவென்று பார்க்கும் ஆர்வத்தில் பானெட்டை முழுசாகத் தூக்கினால் தீக்குக் காற்றைத் தாராளமாக ஊட்டியதாகும். தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம், எரிகிற எண்ணெய் தண்ணீரில் மிதந்து பரவும்.

இதற்கெல்லாம் அவசரம் இப்போது முன்னைவிடக் கூடியிருக்கிறது. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டிகளின் ரப்பரும் கேஸ்கெட்டும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்திலேயே, பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டிவரலாம், மலிவான வேலைதான், வழக்கமான சர்வீஸிலேயே முடியும் என்று இருக்கிறது. வழக்கமாக சர்வீஸ் விடுகிறவர்களுக்கு அது சரி. வாசலில் மணல் போட்டு மூடுகிற அண்ணாச்சியின் வண்டியில் அந்தப் பெட்ரோல் ஹோஸை யார் மாற்றுவது? 2005-இல் வண்டியோடு வந்த ஹோஸ் இன்னும் அதே கிளிப்போடு, மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் தள்ளி, அங்கேயே இருக்கிறது.